ஆட்கள் வந்திருக்கிறார்கள், சண்டைதான் பிடிக்கவில்லை

சித்தப்பாவின் இடப்பக்கக் கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண் ஒன்று இருந்தது. நாற்பது வருட வெற்றிலை. புறக்கோட்டையில் கடை வைத்திருந்த நாளில் பிடித்த பழக்கம். கடையை விற்ற பிறகும் வெற்றிலைக் கூறு அவரை விட்டுப் போகவில்லை. சிறு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வந்த அறிக்கையில் புற்று என்ற செய்திக்குக் கீழே, வேறு யாரும் கவனித்திருக்க மாட்டாத இடத்தில், கட்டியின் ஓரமெங்கும் நிணநீர்க் கலங்கள் அடர்த்தியாகச் சேர்ந்திருப்பதாக ஒரு வரி இருந்தது. சித்தி அந்த வரியைப் பிடித்துக்கொண்டார். அவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ரீச்சர். நிணநீர்க் கலம் என்றால் என்ன என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவர்.

“அது எங்கட பக்கத்து ஆக்கள்தானே டொக்டர்? அப்ப உள்ளுக்குச் சண்டை நடந்துகொண்டுதானே இருக்கு?”

வைத்தியர் இளம் பெடியன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஆக்கள் வந்திருக்கினம் ரீச்சர். சண்டைதான் பிடிக்கேல்ல.”

வெள்ளவத்தைக்குத் திரும்பும் வழியெல்லாம் சித்தி அதையே சொல்லிக்கொண்டு வந்தார். வந்தவர்கள் ஏன் சும்மா நிற்கிறார்கள்?

நோய் எதிர்ப்பு என்றவுடன் நம் மனதில் வருவது ஒரு படை. படை பெரிதாக இருந்தால் சுகம், சிறுத்துவிட்டால் நோய். அந்தக் கணக்குப்படி பார்த்தால் சித்தப்பாவின் கன்னத்தில் புற்று இருந்திருக்கவே கூடாது. நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்கும்போது எத்தனையோ கட்டிகளைச் சுற்றி இப்படித்தான் படை வந்து கூடாரமடித்து உட்கார்ந்திருக்கிறது. காரணம், வந்த கூட்டத்தில் ஒரு பகுதிக்குத் தொழிலே மற்றவர்களை அடக்கி வைப்பதுதான். நிணநீர்க் கலங்களில் ஒரு வகைக்கு டி கலம் என்று பெயர். அடக்கி வைக்கும் இந்தப் பகுதியை ஒழுங்குபடுத்தும் டி கலங்கள் என்று பாடப்புத்தகத் தமிழில் சொல்லலாம். ஆய்வுகூடத்தில் சுருக்கமாக டி-ரெக் என்பார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

இப்படிப்பட்ட கலத்தை உடம்பு எதற்காக வளர்க்கிறது? அதற்கு டி கலம் உருவாகும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு டி கலத்தின் மேலும் ஒரு வாங்கி இருக்கிறது. எதிரியை அடையாளம் காண்பது அதுதான். அந்த வாங்கியின் வடிவத்தை உடம்பு திட்டம் போட்டுச் செய்வதில்லை. பரம்பரையலகுத் துண்டுகளைச் சீட்டுக்கட்டு மாதிரிக் குலுக்கிப் போட்டு, வந்தது வரட்டும் என்று செய்கிறது. நாளைக்கு எந்தக் கிருமி வரும் என்று தெரியாத உடம்புக்கு இது நல்ல உத்திதான். ஆனால் குலுக்கலில் விழும் சீட்டுகளில் சில நம்முடைய இன்சுலின் சுரக்கும் கலத்துக்கும், நம்முடைய மூட்டுக்கும், நம்முடைய தைரொயிட்டுக்கும் பொருந்திவிடும். மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி அப்படிப்பட்டவற்றைப் பிடித்து அங்கேயே கொன்றுவிடுகிறது. ஊரில் அரிக்கன்சட்டியில் அரிசி அரிப்பது மாதிரி. எவ்வளவு கவனமாக அரித்தாலும் சோற்றில் ஒரு கல் கடிபடத்தான் செய்யும். தைமஸைத் தப்பி வெளியே வந்த கற்களைக் கடைசிவரை காவல் காப்பதுதான் டி-ரெக்கின் பிறவி வேலை.

ஆடிவேல் நாளில் காலி வீதியில் தேருக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். வடம் பிடிக்கவும் அர்ச்சனை கொடுக்கவும் ஆயிரம் பேர் முண்டுகிறார்கள். அவர்களை நிறுத்திவைக்கும் தொண்டர்கள் வேறெங்கிருந்தும் வந்தவர்களல்ல, அதே கூட்டத்துப் பெடியன்கள்தான். கையில் ஒரு பட்டி கட்டியிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். டி-ரெக்கும் சிடி4 என்ற அதே சாதாரண உதவி டி கலக் குடும்பம்தான். இரத்தத்திலுள்ள சிடி4 கலங்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் இவை. கையில் கட்டிய பட்டிக்குச் சமமாக மேலே சிடி25 என்ற மூலக்கூறு நிறைய, உள்ளே ஃபாக்ஸ்பி3 என்ற புரதம்.

இந்தப் பட்டியைக் கண்டுபிடிக்கத்தான் விஞ்ஞானத்துக்கு முப்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. அந்தக் கதையை அவசரமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை, ஏனென்றால் அதில் ஒரு பெரிய அவமானமும் இருக்கிறது.

1969இல் ஜப்பானில் நிஷிசுக்கா, சகாகுரா என்ற இருவர் பிறந்து மூன்று நாளான பெண் எலிக்குஞ்சுகளின் தைமஸை வெட்டி எடுத்தார்கள். டி கலங்கள் குறைந்து எலிகள் நோஞ்சானாகப் போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. எலிகளின் சூலகங்கள் அழிந்துபோயிருந்தன. அந்த எலிகளின் சொந்த எதிர்ப்புச் சக்தியே அந்த வேலையைச் செய்திருந்தது என்பது பின்னால் தெளிவானது. தைமஸிலிருந்து அடக்குகிற ஏதோ ஒன்று மூன்றாம் நாளுக்குப் பிறகுதான் வெளியே வருகிறது, அதற்கு முன்பே கதவை மூடிவிட்டார்கள் என்பதுதான் இதற்கு இன்றைய விளக்கம். அடுத்த வருடமே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கெர்ஷனும் கொண்டோவும் எதிர்ப்பை அடக்கும் டி கலங்கள் இருக்கின்றன என்று எழுதினார்கள். ‘அடக்கி டி கலம்’ என்ற பெயர் பரவியது. எழுபதுகளில் அது பெரிய அலை. அடக்குவதற்கான காரணியைப் பிரித்தெடுத்ததாகவும், அதைக் கட்டுப்படுத்தும் பரம்பரையலகு ஐ-ஜே என்ற இடத்தில் இருப்பதாகவும் கட்டுரை மேல் கட்டுரை வந்தது. எண்பதுகளின் தொடக்கத்தில் டிஎன்ஏயை வரிசையாகப் படிக்கும் வசதி வந்து, அந்த இடத்தைத் திறந்து பார்த்தார்கள். அங்கே அப்படி ஒரு பரம்பரையலகே இல்லை.

அத்தோடு துறை கவிழ்ந்தது. அடக்கும் கலம் என்று சொன்னாலே ஆய்வாளர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சொல்லைப் போட்டால் ஆய்வுப் பணம் கிடைக்காது என்ற நிலை. ஒரு மூலக்கூறு பொய்த்ததற்காக ஒரு கருத்தையே குப்பையில் போட்டார்கள் என்பதுதான் என் கணிப்பு. குளித்த தண்ணீரோடு பிள்ளையையும் ஊற்றிய கதை.

அந்தச் சிரிப்புக்கு நடுவில் விடாமல் உட்கார்ந்திருந்தவர் ஷிமோன் சகாகுச்சி என்ற ஜப்பானிய ஆய்வாளர். மூன்றாம் நாள் எலியின் மர்மத்திலிருந்து அவர் நகரவேயில்லை. ஆரோக்கியமான எலியிலிருந்து எடுத்த டி கலங்களைக் கொடுத்தால் நோய் வராமல் தடுக்க முடிந்தது. சரி, அவற்றில் எந்தக் கலம்? 1995இல் பதில் கிடைத்தது. சிடி25 உள்ள சிடி4 கலங்களை மட்டும் பிரித்து எடுத்துவிட்டு, மீதியை டி கலமே இல்லாத எலிக்குக் கொடுத்தால் வயிறு, தைரொயிட், சூலகம் என்று ஒவ்வொன்றாகச் சுய எதிர்ப்பு நோய் பிடிக்கிறது. எடுத்ததைத் திருப்பிச் சேர்த்தால் நோய் வருவதில்லை.

வேறொரு மூலையில் வேறொரு எலி. 1949இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தில் செதில் செதிலாகத் தோல் உரியும் ஆண் குஞ்சுகள் தாமாகவே பிறந்தன. மண்ணீரல் வீங்கி, சில வாரங்களில் செத்துவிடும். ஆண் குஞ்சுகளுக்கு மட்டும் வந்ததால் கோளாறு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்க வேண்டும் என்று தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. தொண்ணூறுகளில் வாஷிங்டன் மாநிலத்து மருந்து நிறுவனம் ஒன்றில் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெல்லும் அதைத் தேடத் தொடங்கினார்கள். 17 கோடி எழுத்துகள் கொண்ட நிறமூர்த்தத்தை ஐந்து இலட்சம் எழுத்துகளாகக் குறுக்கி, அதற்குள் இருந்த 20 பரம்பரையலகுகளை ஒன்றொன்றாகப் பார்த்தார்கள். பிழை இருந்தது இருபதாவதில். தொலைந்த சாவி எப்போதும் கடைசிப் பையில்தான் இருக்கும். 2001இல் அதற்கு ஃபாக்ஸ்பி3 என்று பெயர் வைத்தார்கள். அதே பிழையுடன் பிறக்கும் ஆண் குழந்தைகளும் உண்டு என்று அதே வருடம் வெளிவந்தது. ஐபெக்ஸ் என்ற மிக அரிதான நோய்: கைக்குழந்தைப் பருவத்திலேயே நீரிழிவு, நிற்காத வயிற்றோட்டம், தோல் முழுக்கப் புண். என்பு மச்சை மாற்றினால் சிலர் பிழைத்துக்கொள்கிறார்கள். 2003இல் சகாகுச்சியும் மற்றும் சில குழுக்களும் இரண்டு கதையையும் இணைத்தார்கள். டி-ரெக்கை டி-ரெக்காக வைத்திருப்பது இந்த ஃபாக்ஸ்பி3தான்.

மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. செய்தி வந்த நேரத்தில் ராம்ஸ்டெல் மனைவியோடு மலைக்காட்டில், கைபேசித் தொடர்பில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தார். பரிசு கொடுத்தவர்களாலேயே அவரைப் பிடிக்க முடியவில்லை.

ஒரு டி-ரெக் கலம் மற்றவர்களை எப்படி அடக்குகிறது? வழி ஒன்றல்ல. முதலாவது, சாப்பாட்டில் கை வைப்பது. டி கலங்கள் பெருகுவதற்கு இன்டர்லூகின்-2 என்ற சுரப்பு வேண்டும். சிடி25 என்பது அதைப் பிடிக்கும் வாங்கியின் ஒரு பகுதி. மேலெல்லாம் சிடி25 வைத்திருக்கும் டி-ரெக், பந்தியில் முதலாளாக உட்கார்ந்து பானையைக் காலி செய்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் அது தன் பங்குக்கு இன்டர்லூகின்-2 சமைப்பதேயில்லை. தான் அடக்குகிற கலங்கள் சமைத்ததைச் சாப்பிட்டுத்தான் வாழ்கிறது.

இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. டி கலத்துக்கு எதிரியைக் காட்டிக்கொடுப்பது கிளைக்கலம் என்ற கலம். எதிரியின் துண்டைக் காட்டினால் மட்டும் போதாது, சிடி80, சிடி86 என்ற இரண்டு மூலக்கூறுகளாலும் டி கலத்தைத் தொட வேண்டும். ‘இது உண்மையான சண்டை, இறங்கு’ என்ற இரண்டாவது கையெழுத்து அது. டி-ரெக்கின் மேலிருக்கும் சிடிஎல்ஏ-4 அந்த மூலக்கூறுகளைக் கிளைக்கலத்தின் மேலிருந்தே பிடுங்கித் தனக்குள் இழுத்து விழுங்கிவிடுகிறது. பிறகு வரும் டி கலத்துக்கு எதிரி தெரியும், கையெழுத்துக் கிடைக்காது. கையெழுத்தில்லாத கடிதத்தோடு நம் கந்தோர்களில் எவ்வளவு தூரம் போகலாமோ, அவ்வளவு தூரம்தான் அதுவும் போகும்.

அப்புறம் இன்டர்லூகின்-10, டிஜிஎஃப் பீட்டா என்ற அமைதிச் சுரப்புகள். செத்த கலங்கள் கக்கும் ஏடிபியை அடினோசினாக மாற்றிவிடும் நொதியங்களும் உண்டு. ஏடிபி அபாயச் சத்தம், அடினோசின் தாலாட்டு. (மூளையில் கஃபீன் மறிப்பதும் இதே அடினோசினின் வாங்கியைத்தான். அதற்காகப் பிளேன்ரீ குடித்தால் புற்று கரையும் என்று யாரும் வட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டாம்.)

புற்று இவற்றையெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இருக்கிற தொண்டர்களைத் தன் வாசலுக்கு வரவழைத்துக்கொள்கிறது. 2004இல் சூலகப் புற்று நோயாளிகளிடம் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. கட்டியும் அதன் அருகிலுள்ள கலங்களும் சிசிஎல்22 என்ற இரசாயனத்தைக் கசியவிடுகின்றன, அந்த வாசத்தைப் பிடித்து டி-ரெக்குகள் உள்ளே வருகின்றன. எந்தப் பெண்களின் கட்டியில் டி-ரெக் அதிகமோ அவர்கள் குறைந்த காலமே வாழ்ந்தார்கள். கட்டியின் கலங்கள் பெரும்பாலும் நம் சொந்தப் புரதங்களையே காட்டுகின்றன என்பதும் அவற்றுக்கு வசதி. சொந்தத்தைக் காப்பதுதானே காவலாளியின் வேலை.

காவலாளிகள் தனியாகவும் இல்லை. என்பு மச்சையிலிருந்து முழுதாக முதிராமலே வெளியே இழுக்கப்பட்ட வெண்குழியங்கள் ஒரு கூட்டம். இவற்றுக்கு 2007இல்தான் பொதுப்பெயர் கிடைத்தது. மச்சைவழி அடக்கும் கலங்கள் எனலாம். ஆர்ஜினேஸ் என்ற நொதியத்தால் அவை சுற்றுவட்டாரத்து ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் தின்றுவிடும். ஆர்ஜினின் இல்லாமல் டி கலத்தால் பெருக முடியாது. கட்டிக்குள் போன பெருவிழுங்கிகள் என்ற வெண்குழியங்களிலும் பல பழுது பார்க்கும் குணத்துக்கு மாறி, புதிய இரத்தக்குழாய் போட்டுக் கொடுக்கும் வேலையில் இறங்கிவிடும். நிணநீர்க் கலங்கள் அடர்த்தியாக இருக்கின்றன என்ற ஒரு வரிக்குள் இவ்வளவு ஆட்களும் அடங்குவார்கள்.

வெற்றிலைக்கு வருகிறேன். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்று வாய்ப் புற்றுத்தான். கொழும்பில் ஒருவரைப் பற்றி ‘மஹரகமவுக்குப் போய்வருகிறார்’ என்றால் வேறு விளக்கம் தேவையில்லை. அங்கே அபேக்ஷா வைத்தியசாலையின் வாய்ப் புற்று வரிசையில் நின்று பார்த்தால் பாதிப் பேரின் பற்கள் காவி. புகையிலைதான் விஷம், வெறும் வெற்றிலை பாக்கு மங்கலப் பொருள் என்று நம்மவர்கள் இன்றும் சொல்வார்கள். புகையிலை இல்லாத கூறும் பாக்குமே மனிதருக்குப் புற்றுத் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்று ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தி இருபது வருடம் கடந்துவிட்டது. பாக்கிலுள்ள அரிகோலின் கன்னத்துத் தோலுக்கடியில் நார் போட வைக்கிறது. நாளடைவில் வாயை இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்க முடியாமல் போகும். அந்த நார்ப்பிடிப்பில் முக்கிய தூதர் டிஜிஎஃப் பீட்டா. சாதாரண சிடி4 கலத்தைப் புதிய டி-ரெக்காக மாற்றும் சுரப்பும் அதே டிஜிஎஃப் பீட்டாதான்.

இந்த இடத்தில் கதையை நேர்கோடாக முடித்துவிட ஆசை வரும்: டி-ரெக் கூடினால் நோயாளிக்குக் கேடு, குறைந்தால் நல்லது. அப்படி இல்லை. பெருங்குடல் புற்றிலும் தலை, கழுத்துப் புற்றுகளிலும் டி-ரெக் அதிகமாக இருந்தவர்களே நன்றாக இருந்தார்கள் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. நீண்ட நாள் அழற்சி தானே புற்றுக்குத் தீனி போடும். அந்த அழற்சியை அடக்குபவன் சில இடங்களில் நமக்கு நண்பன். எந்த உறுப்பு, எந்தக் கட்டம் என்று தெரியாமல் கலத்தை மட்டும் எண்ணிப் பலன் சொல்ல முடியாது.

புற்றை விட்டுத் தொற்றுக்கு வந்தால், அடக்குதலைக் கண்ணால் பார்க்கக்கூடிய நோய் ஒன்று கொழும்புக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. களனி ஆற்றைத் தாண்டி வத்தளைப் பக்கம் ஹெந்தளையில் ஒல்லாந்தர் 1708இல் திறந்த தொழுநோய் வைத்தியசாலை. தொழுநோயை ஒழிக்கப்பட்ட நோய் என்று நினைப்பவர்கள் அதிகம். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற இலக்கை இலங்கை 1995இல் எட்டியது உண்மைதான். ஆனாலும் இன்றுவரை ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளிகள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள்.

கிருமி ஒன்றுதான். நோய் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு உணர்ச்சியற்ற ஒன்றிரண்டு வெளிறிய தேமல். தேமலுக்குள் கிருமியைத் தேடினாலும் கிடைக்காது. இன்னொருவருக்கு முகம், காது, உடம்பெல்லாம் தடித்து, தோலின் ஒவ்வொரு துளியிலும் கோடிக்கணக்கில் கிருமி. இரண்டு முனைக்கும் நடுவில் மற்ற எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். 1966இல் ரிட்லியும் ஜோப்ளிங்கும் இந்த வரிசையைப் பிரித்து எழுதினார்கள். முதல் முனையில் டி கலங்கள் முழு மூச்சாக அடிக்கின்றன, அந்த அடியில்தான் நரம்பும் சேதமாகிறது. மறுமுனையில் டி கலங்கள் இருக்கின்றன, மற்றக் கிருமிகளுக்கு ஓரளவு ஒழுங்காகவே பதில் சொல்கின்றன, தொழுநோய்க் கிருமிக்கு மட்டும் வாய் திறப்பதில்லை.

ஒரு கிருமிக்கு மட்டும் ஏன் மௌனம்? கெர்ஷன் காலத்து அடக்கிக் கலங்களை மனிதரில் தேடியவர்கள் முதலில் ஓடியது இந்த நோயாளிகளிடம்தான். எண்பதுகளில் அந்தக் கருத்துக் கவிழ்ந்தபோது இந்த ஆய்வுகளும் அலமாரிக்குள் போயின. ஃபாக்ஸ்பி3 கையில் கிடைத்த பிறகு மறுபடியும் தேடினார்கள். பல ஆய்வுகளில், கிருமி நிறைந்த முனையில் டி-ரெக்கும் இன்டர்லூகின்-10, டிஜிஎஃப் பீட்டா ஆகியவையும் கூடுதலாக இருந்தன. சிலவற்றில் நேர்மாறாகவும் வந்தது. தொழுநோய்க் கிருமி இரண்டாகப் பிரிய ஏறத்தாழ இரண்டு வாரம் எடுக்கும், ஆய்வுகூடத் தட்டில் வளரவே வளராது. இதில் அவசரப்பட்டு யாரும் தீர்ப்பு எழுத முடியாது.

ஆனால் அடக்குதல் தளர்ந்தால் என்ன நடக்கும் என்பதைத் தொழுநோய் கிளினிக்கில் வேலை செய்த எவரும் சொல்வார்கள். மருந்து தொடங்கிச் சில மாதத்தில், கிருமிகள் செத்துக்கொண்டிருக்கும்போதே, பழைய தேமல்கள் திடீரெனச் சிவந்து வீங்கும். நரம்பு தடித்து, ஒரே கிழமையில் கை மடங்கிவிடலாம். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து நோயாளி மாத்திரையைத் தூக்கி எறிவது இந்தக் கட்டத்தில்தான். எறியக் கூடாது. விழித்துக்கொண்ட எதிர்ப்புத்தான் இந்த அமளிக்குக் காரணம். உடனே வந்தால் அழற்சியைத் தணிக்கும் பிரெட்னிசொலோன் கொடுத்து நரம்பைக் காப்பாற்றலாம். எதிர்ப்பு கூடியதால் கை போவது என்பது, கொரோனாவுக்குப் பயந்து ‘எதிர்ப்புச் சக்தி கூட்டும் பாணி’ தேடி 2020 டிசம்பரில் கேகாலையில் ஆயிரக்கணக்கில் வரிசையில் நின்ற நாட்டில் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டிய செய்தி.

டெங்கும் இதைத் தொடுகிறது. 2017இல் இந்த நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு. கடுமையாகும் நோயாளிகளுக்கு ஆபத்து வருவது காய்ச்சல் இறங்கும் நேரத்தில், இரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும்போது. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் நீலிகா மளவிகே குழுவினர் 2013இல் ஒன்றைக் காட்டினார்கள்: கடுமையான டெங்கில் இன்டர்லூகின்-10 உயர்ந்திருந்தது, அது உயர்ந்தவர்களிடம் வைரசுக்கு எதிரான டி கலப் பதில் மந்தமாக இருந்தது. அப்படியென்றால் குற்றவாளி டி-ரெக்தான் என்று சொல்லத் தோன்றும். அதே குழு சில வருடம் கழித்து டி-ரெக்கையே எண்ணிப் பார்த்தது. டெங்கு நாட்களில் அவை கூடத்தான் செய்கின்றன. ஆனால் கூடியதற்கும் நோயின் கடுமைக்கும், இரத்தத்திலுள்ள வைரசின் அளவுக்கும் தொடர்பு தெரியவில்லை. இன்டர்லூகின்-10ஐ டி-ரெக் மட்டும் சுரப்பதில்லை, ஒற்றைக்குழியங்கள் என்ற வெண்குழியங்களும் சுரக்கும். அடக்குதல் நடக்கிறது என்பது வேறு, அதை யார் செய்கிறார் என்பது வேறு. இந்த வேறுபாட்டைச் சுமாரான செய்திக் கட்டுரைகள் ஒருபோதும் பிரிப்பதில்லை, எனக்கு அதில் தீராத எரிச்சல்.

அடக்குபவன் நல்லது செய்யும் தொற்றும் ஒன்று உண்டு. மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியா தோல் புண். வடமத்தியிலும் தெற்கிலும் வயல் பக்கத்து ஆட்களுக்கும், அங்கே காவலில் நின்ற படைச் சிப்பாய்களுக்கும் வந்தது. எலிகளில் 2002இல் பார்த்தது இது: புண் ஆறிய பிறகும் டி-ரெக்குகள் தோலில் கொஞ்சம் கிருமியை விட்டுவைக்கின்றன. டி-ரெக்கை அகற்றினால் கிருமி அடியோடு போய்விடுகிறது. நல்லதுதானே? இல்லை. அப்படி முழுக்கத் துடைத்த எலிகளுக்கு மறுபடி கிருமியைக் கொடுத்தால் பாதுகாப்பு இல்லை. மிச்சம் விட்ட அந்தக் கொஞ்சம்தான் நினைவை அணையாமல் வைத்திருந்தது. இரவில் அடுப்பில் ஒரு தணலைச் சாம்பலுக்குள் மூடி வைப்பார்களே, அது மாதிரி.

மஹரகமவில் இரண்டாவது தடவை வைத்தியரைப் பார்த்தபோது சித்தி தயாராக வந்திருந்தார். “அந்த அடக்கிற கலங்களை மட்டும் அடிச்சுக் கலைக்க ஊசி ஒண்டும் இல்லையோ?”

இருக்கிறது, இல்லை என்று இரண்டையும் சொல்ல வேண்டிய கேள்வி. சிடிஎல்ஏ-4ஐ மறிக்கும் இப்பிலிமுமாப் 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்குப் பாதை போட்ட ஜேம்ஸ் அலிசனும், பிடி-1 என்ற இன்னொரு தடையைக் கண்ட தசுக்கு ஹொஞ்சோவும் 2018இல் நோபல் வாங்கினார்கள். முன்பென்றால் சில மாதமே வாழ்ந்திருக்கக்கூடிய, பரவிய மெலனோமா என்ற தோல் புற்று நோயாளிகளில் ஒரு பகுதியினர் பத்து வருடம் கடந்தும் நடமாடுகிறார்கள். விலை மட்டும் சாதாரணக் குடும்பம் நெருங்க முடியாத விலை. விலையை விட்டாலும், மருந்தின் பக்க விளைவுகளைப் பாருங்கள்: குடல் அழற்சி, தைரொயிட் கோளாறு, தோல் வெடிப்பு, சிலருக்குத் திடீர் நீரிழிவு. ஐபெக்ஸ் குழந்தைகளின் நோய்ப்பட்டியல் ஞாபகம் இருக்கிறதா? ஏறக்குறைய அதுவேதான். ஜப்பானில் 2012 முதல் ஒருவகை டி கல இரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் மொகமுலிசுமாப் டி-ரெக்கையும் சேர்த்துக் கொல்கிறது, அதிலும் தோல்தான் முதலில் கத்துகிறது. கட்டிக்குள் குடியேறிய டி-ரெக்குகள் சிசிஆர்8 என்ற அடையாளத்தை மற்ற இடத்து டி-ரெக்குகளைவிட அதிகம் காட்டுகின்றன என்பது 2016 அளவில் தெரியவந்தது. அதைக் குறிவைத்துச் செய்த மருந்துகள் இப்போது பரிசோதனையில் இருக்கின்றன.

எதிர்த்திசையிலும் வேலை நடக்கிறது. சிறுநீரகம் மாற்றியவர்கள் ஆயுள் முழுக்க விழுங்கும் மாத்திரைகள் நல்ல டி கலம், கெட்ட டி கலம் பார்ப்பதில்லை. அவற்றில் டக்ரோலிமஸ் போன்றவை இன்டர்லூகின்-2 சுரப்பதையே குறைத்து, டி-ரெக்கையும் பட்டினி போடுகின்றன. நோயாளியின் டி-ரெக்குகளை வெளியே எடுத்துப் பெருக்கித் திரும்ப ஏற்றினால் மாத்திரையைக் குறைக்கலாமா என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். 2020இல் வெளியான முடிவுகளின்படி பாதுகாப்பாகவே செய்ய முடிந்தது, சிலரால் மருந்தைக் குறைக்கவும் முடிந்தது. லூபஸ் என்ற சுய எதிர்ப்பு நோயில் மிகச் சிறிய அளவு இன்டர்லூகின்-2 கொடுத்து, பந்தியில் முந்துகிற டி-ரெக்கை மட்டும் கொழுக்க வைக்கப் பார்க்கிறார்கள்.

சித்தப்பாவுக்குக் கிடைத்தது பழைய வழி: வெட்டி எடுத்துவிட்டு, கதிர் பாய்ச்சினார்கள். அந்த அறிக்கையின் பிரதி சித்தியின் மேசை லாச்சியில் கிடக்கிறது. சாதாரணச் சாயத்தில் எல்லா நிணநீர்க் கலமும் ஒரே மாதிரி ஊதாப் புள்ளிதான். அடிக்க வந்தது எது, தடுக்க வந்தது எது என்று பிரிக்க ஃபாக்ஸ்பி3க்குத் தனிச் சாயம் போட வேண்டும், வழக்கமான அறிக்கைக்கு யாரும் அதைப் போடுவதில்லை. சித்தி அந்த வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு, மாணவர் விடைத்தாளில் எழுதுவது மாதிரி ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்: ‘இதில் யார் யார்? பிரித்து எழுதுக.’